கட்டிலுக்கு மேலே மீன்தொட்டி

முல்லைத்தீவிலிருந்து வவுனியாவுக்குப் போகும் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் ஓர் இளம் தம்பதி இருந்தார்கள். தாய்வீட்டில் பிள்ளை பெற்ற மனைவியைக் கணவன் வீட்டுக்குக் கூட்டிப்போகிறான் என்பது பேச்சில் விளங்கியது. கைக்குழந்தை அவள் மடியில் தூங்கிக்கொண்டிருந்தது. மாங்குளம் தாண்டியதும் அவன் உற்சாகமாகச் சொன்னான்:

"மேல்மாடியில பெரிய கண்ணாடித் தொட்டி ஒண்டு வைச்சிருக்கிறன். ஒரு ஆள் நீட்டி நிமிர்ந்து படுக்கலாம். பிள்ளை மீன் பார்க்கத்தான்."

"மேல பலகைத் தளமெல்லோ? பாரம் தாங்குமே?"

"தளத்தைத் தாங்கிற தீராந்தியெல்லாம் பாலை மரம். நாலு பேர் ஏறி நிண்டாலும் அசையாது."

"நாலு பேர் இரவு பகலா ஒரே இடத்தில நிக்கிறேல்லை. தொட்டிக்கு நேர கீழ என்ன இருக்கு?"

அவன் வெளியே பார்த்தான்.

"எங்கட அறைதான். பயப்பிடாதையும். தீராந்திக்கு ஒரு முட்டுக் குடுத்திருக்கிறன்."

"தாங்குமெண்டால் முட்டு ஏன்?"

"கொஞ்சம் வளைஞ்ச மாதிரிக் கிடந்தது. கட்டிலையும் சுவரோரம் தள்ளிப் போட்டனான்."

அவள் குரலை உயர்த்தவில்லை. ஓமந்தை நெருங்கும்போது குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தாள்.

"நான் இஞ்சை இறங்கிறன். அக்கா வீட்டை நிக்கிறன்."

"சனம் பார்க்குது, இரும்."

"பார்க்கட்டும்."

பஸ் நின்றதும் இறங்கிவிட்டாள். அவளுடைய பையை அவன் யன்னலால் நீட்டினான்.

"பின்னேரம் வந்து கூட்டிக்கொண்டு போறன்."

"தண்ணியை முழுக்க இறைச்சுப்போட்டு வாங்கோ," என்றாள் அவள்.