எல்லையில் ஒற்றை ஆள்

டீ நன்றாக இருக்கிறது, சார். மேலே இப்படிச் சூடாகக் குடித்ததே இல்லை. ஃபிளாஸ்கைத் திறக்கும்போது ஏதாவது ஒரு வண்டி வந்து நிற்கும்.

மலையுச்சியில், தமிழ்நாடு முடிந்து கேரளா தொடங்கும் இடத்தில் என் சாவடி. ஒரு தகரக் கொட்டகை, ரோட்டை மறிக்கும் ஒரு கட்டை, நான். லைட்டு கிடையாது, கக்கூஸ் கிடையாது. போடிக்கு இறங்கும் ஏலக்காய் லோடு, எஸ்டேட் ஜீப்பு, சுற்றுலாக் கார் எல்லாவற்றையும் ஒருவனாகச் சோதிக்க வேண்டும். ஆள் கேட்கும்போதெல்லாம் அதிகாரி சிரிப்பார்.

“வேலுச்சாமி, அங்க என்னய்யா நடந்துபோச்சு, ஆளு கேக்குறதுக்கு?”

நியாயமான கேள்விதான். எதுவும் நடக்காமல் நான்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்று மத்தியானம் அவர் நேரில் வருவதாக இருந்தது. நல்ல மழை. நிலைமையைக் கண்ணால் பார்க்கட்டும் என்று ஒவ்வொரு வண்டியையும் சட்டப்படி, மூட்டை மூட்டையாக இறக்கிச் சோதித்தேன். வரிசை வளைவைத் தாண்டிப் போனது.

அப்போதுதான் அழகுமலை ஓடி வந்தான். எங்கள் ஊர் சிலமலைக்காரன், தூரத்துச் சொந்தம். எஸ்டேட்டில் காய் எடுத்துக்கொண்டிருந்த அவன் பெண்டாட்டி பாண்டீஸ்வரியை விரியன் கடித்திருந்தது.

“மாமா, ஜீப்புல கெடக்கா. ஈறுல ரத்தம் வருது. கட்டைய மட்டும் தூக்குங்க, எதிர்ப்பக்கமா வெரசா எறங்கிர்றோம்.”

எதிர்ப்பக்கம் காலியாகத்தான் இருந்தது.

“வரிசையில வா மாப்ளே. நான் ஒத்த ஆளு.”

அவன் காலைப் பிடித்தான். பூட்ஸ் சேறாக இருந்ததால் காலை இழுத்துக்கொண்டேன். அவன் கையில் ஒட்டக்கூடாதே என்று. “விடு சாரே, பாவம்” என்று ஒரு டிரைவர் கத்தினான். நான் அவனுடைய மூட்டையை இறக்கச் சொன்னேன்.

உண்மையைச் சொல்கிறேன். அழகுமலை ஓடி வருவதைப் பார்த்ததும் எனக்கு முதலில் தோன்றியது, இன்றைக்கு ஒன்று நடக்கப்போகிறது என்பதுதான்.

அதிகாரி வர ரொம்ப நேரமானது. வந்ததும் ஜீப்பை எட்டிப் பார்த்துவிட்டு, அவரே கட்டையைத் தூக்கினார். பாண்டீஸ்வரிக்கு அதற்குமேல் அவசரம் இல்லை. அவர் வரிசையைப் பார்த்தார், கொட்டகையைப் பார்த்தார். இந்த முறை சிரிக்கவில்லை.

“இம்புட்டு மோசமா இருக்கும்னு தெரியலையேய்யா” என்றார்.

இப்போது அங்கே நாலு பேர் வேலை பார்க்கிறார்கள். லைட்டு எரிகிறது. ஆஸ்பத்திரி வண்டிக்குத் தனி வழி போட்டிருக்கிறார்கள். போன வாரம் பிரசவ வலியோடு ஒரு பெண் அதில் நிற்காமல் இறங்கிப் போனாளாம். கேள்விப்பட்டபோது சந்தோஷமாக இருந்தது.

அழகுமலை உங்களிடம் சொன்னதெல்லாம் சரி, சார். அந்தக் கட்டையைத் தூக்க ஒரு கை போதும். நான் தூக்கவில்லை. அவளைக் கொன்றது நான்தான், அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். எழுதும்போது, ஆள் பற்றாக்குறையால் என்பதையும் சேர்த்துவிடுங்கள்.