நன்றி மட்டும் வந்தது

விருத்தாசலம் ஜங்ஷனில் டிக்கெட் வரிசை. எனக்கு முன்னால் நின்ற பெண்ணிடம் அவள் கொழுந்தன் தயங்கித் தயங்கிச் சொன்னான்.

"அண்ணி, டீச்சர் வேலைக்கு நீங்க போட்ட அப்ளிகேஷன் இந்த ஸ்டேஷனுக்கு எதுத்தாப்புல இருக்குற ஸ்கூலுக்குப் போவல. அந்த வெப்சைட்டு நான் செஞ்சது. பட்டன அமுக்குனா புரோகிராம்ல அப்ளிகேஷன சேமிக்கிற பகுதிக்குப் போவணும். நான் அத சேமிக்காம வெறும் 'நன்றி'ன்னு மட்டும் காட்டுற பகுதிக்கு மாத்தி எழுதிட்டேன். யாரு போட்டதும் சேரல."

"நன்றிய மட்டும் ஒழுங்கா சொல்லத் தெரிஞ்சுதா? இப்பப் போட்டா?"

"நேர்ல போனவங்கள எடுத்துட்டாங்க அண்ணி."

"நேர்ல போறேன்னுதான தம்பி சொன்னேன். அலைச்சல் வேணாம்னு தடுத்தது நீதான!"

அதே பள்ளிக்கு நானும் அந்த வெப்சைட்டில்தான் போட்டிருந்தேன். வேலை கிடைத்துவிட்டால் இடுப்பிலிருக்கும் குழந்தையை யார் பார்ப்பதென்று பயந்து, அம்மாவைக் கூட்டிவரத்தான் டிக்கெட்டுக்கு நின்றிருந்தேன்.