ஜன்னலோரத்துக் குப்பி

பன்றியின் சினைப்பையைச் சூடு ஆறாமல் கொண்டுவர நல்ல பிளாஸ்க் வேண்டும். தினமும் காலையில் கசாப்புக்கூடத்துக்குப் போய் அதை வாங்கி வருவது என் வேலை. அங்கே தரை கழுவுகிறவர் என் அப்பா. எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். ஆய்வகத்தில் மற்றவர்களுக்கு நான் நாறுகிறவள். சாப்பிட உட்கார்ந்தால் என் மேசை காலியாகும். என்ன நடந்தது என்று கேட்டீர்கள், சொல்கிறேன்.

நா-கியோங் ஆராய்ச்சி மாணவியாகச் சேர்ந்த அன்று என் எதிரே வந்து உட்கார்ந்தாள். என் டப்பாவில் முட்டைக்கோஸ் ஊறுகாய் இருந்தது. "அக்கா, அவ்ளோ கிம்ச்சியையும் நீங்களே முடிச்சிடுவீங்களா? இந்தப் பக்கம் தள்ளுங்க." நான்கு வருஷத்தில் என்னிடம் ஒருவர் கேட்டு வாங்கியது அதுதான் முதல் தடவை.

சினைப்பையிலிருந்து எடுத்து உடம்புக்கு வெளியே வளர்க்கும் சினைமுட்டையை ஆக்சிஜன் அரித்துவிடும். அதைத் தடுக்கும் ஆன்டிஆக்சிடன்ட் மருந்து கலந்தால் நன்றாக வளரும் என்று காட்டுவது அவள் ஆராய்ச்சி. முதல் தடவையே வளர்ந்தது. என்னைக் கட்டிக்கொண்டாள். "இன்னும் நாலஞ்சு தடவை இப்படியே வந்தா பட்டம்தான். வசந்தத்துக்குள்ள சியோல் போயிடுவேன் அக்கா!"

அந்த மருந்துக்கு வெளிச்சம் ஆகாது. குப்பியை அலுமினியத் தாளில் சுற்றி வைப்போம். அந்த ஞாயிற்றுக்கிழமை ஆய்வகத்தில் யாரும் இல்லை. தாளைப் பிரித்துக் குப்பியை ஜன்னலோரம் வெயிலில் வைத்தேன். சாயங்காலம் பழையபடி சுற்றி வைத்தேன். பார்க்க ஒரு வித்தியாசமும் இல்லை.

அதன்பின் மருந்து போட்ட தட்டும் போடாத தட்டும் ஒரே மாதிரி வாடின. எங்கள் துறையில் முட்டை வளராவிட்டால் குப்பியைச் சந்தேகப்பட மாட்டார்கள், கையைச் சந்தேகப்படுவார்கள். பேராசிரியர் தோ எல்லோர் முன்னாலும் சொன்னார்: "கைராசின்னு ஒண்ணு இருக்கும்மா. உனக்கு அது வாய்க்கல." சிரித்தார்கள். அழுவதற்கு அவள் என்னிடம்தான் வந்தாள். பன்றிக்கறிச் சூப்பில் சோறு போட்டுக் கொடுத்தேன். முழுதும் சாப்பிட்டாள்.

புதுக் குப்பி வரும்போதெல்லாம் ஒரு ஞாயிறு போதும். மூன்று வருஷம் ஆயிற்று.

கையுறை இரண்டு போட ஆரம்பித்தாள், பிறகு மூன்று. போன மாதம் அவள் அக்காவுக்குக் குழந்தை பிறந்தது. மருத்துவமனைக்கு நானும் போனேன். "தூக்கிக்கோடி, நீ சித்தி" என்று நீட்டினார்கள். அவள் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். "வேணாம். நான் தொட்டா எதுவும் வளராது."

அப்போதே சொல்லியிருக்கலாம். ஆனால் திரும்பும் பஸ்ஸில் அவள் தலை என் தோளில் இருந்தது.

அடுத்த திங்கட்கிழமை படிப்பை விட்டுவிட்டு ஊருக்குப் போய்விட்டாள். என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை. அதனால்தான் பல்கலைக்கழக விசாரணைக் குழுவான உங்களிடம் நானே வந்தேன். அவள் கையில் குற்றமில்லை, குப்பிகளை வெயிலில் வைத்துக் கெடுத்தது நான் என்று அவளுக்கு எழுதி அனுப்புங்கள். யாருக்காகச் செய்தேன் என்பது அவளுக்குப் புரியும். உடனே கிளம்பி வந்துவிடுவாள். எதிர் நாற்காலியில் யாரையும் உட்கார விடுவதில்லை. கிம்ச்சியும் இரண்டு பேருக்குத்தான் கொண்டுவருகிறேன்.