இடப்பக்கமே இழுக்கும் வண்டி

தம்பி: சொன்னா நம்புக்கா. தண்ணியிலயும் ஓடுற எட்டுச் சக்கர வண்டின்னு பேருதான்; தரையிலயும் இடப்பக்கமா இழுக்குது, ஏரியில இறக்கினாலும் இடப்பக்கமாத்தான் இழுக்குது.

அக்கா: நேத்து நாலு பேரை ஏத்திட்டுப் போய் நாணல் புதருக்குள்ள சொருகிட்டியாமே?

தம்பி: அது... பறவை பாக்க வந்தவங்க. கிட்டத்துல பாக்கட்டுமேன்னு...

அக்கா: அடிவாங்குவ. டயர்ல காத்து?

தம்பி: எட்டுலயும் ஒரே அளவு. நீதானே பாத்த!

அக்கா: இடது டயரை வலதுக்கு மாத்தினோம்...

தம்பி: அப்பவும் இடதுதான்.

அக்கா: செயின் ரெண்டும் ஒரே இறுக்கம். இடது பிரேக் லேசா உரசினா வண்டி அந்தப் பக்கம் ஒதுங்கும்...

தம்பி: தூக்கி நிறுத்திச் சக்கரத்தைச் சுத்தினியே, பம்பரமா சுத்துச்சே! என்ன மெக்கானிக் நீ?

அக்கா: அப்ப இதுல கழட்டிப் பாக்காதது ஒண்ணுதான் பாக்கி.

தம்பி: எது?

அக்கா: நீ.

தம்பி: விளையாடாதக்கா. நாளைக்கு ஓட்டுநர் பரீட்சைக்குப் படகுத்துறை மேனேஜரே ஏறி உக்காரப் போறாரு. ஏரி நடுவுல இருக்கிற தீவுக்கு நேரா போனாத்தான் எனக்கு இந்த வேலை. இல்லேன்னா இதே வேலைக்கு வந்திருக்கிற அந்த மீசைக்காரனைப் போட்டுருவாங்க.

அக்கா: இந்த ஸ்பேனரைப் பிடி. வலது கையால.

தம்பி: ...இடது கையும் கைதானே?

அக்கா: ஹேண்டிலை இடது கையாலயே பிடிச்சுத் தொங்கினா எந்த வண்டிடா நேரா போகும்? சட்டைக் கையை மேல தூக்கு. ஐயோ... மணிக்கட்டு இப்படி வீங்கியிருக்கு!

தம்பி: படியில வழுக்கி...

அக்கா: கதை விடாத.

தம்பி: யார் கை முதல்ல சாயுதுன்னு... மாமாகூட ஒரு போட்டி.

அக்கா: அவர்கிட்டயா தோத்த? டப்பா மூடி திறக்கவே என்னைக் கூப்பிடுற மனுஷன்டா அவரு!

தம்பி: அதான் வெளிய சொல்லலை. மேனேஜர்கிட்ட மூச்சு விட்டுடாதக்கா. கை போச்சுன்னு தெரிஞ்சா வேலையும் போச்சு.

அக்கா: காலையிலேயே அவர்கிட்டப் பேசிட்டேனே.

தம்பி: அடிப்பாவி! என்னன்னு?

அக்கா: நீ வர்றதுக்கு முன்னாடியே ஓட்டிப் பாத்தேன். கோடு போட்டாப்ல நேரா போச்சு. நீ எதையோ மறைக்கிறன்னு தெரிஞ்சுது, என்னன்னுதான் தெரியலை. அதைக் கக்க வைக்கத்தான் உன்னை இத்தனை டயர் கழட்ட விட்டேன்.

தம்பி: அவர்கிட்ட என்னக்கா சொன்ன?

அக்கா: ‘கோளாறு வண்டியிலதான், என் தம்பி மேல தப்பில்லை, சாமான் வந்தப்புறம் பரீட்சை வெச்சுக்குங்க’ன்னு... உனக்கு முன்னாடியே நான் பொய் சொல்லியாச்சுடா.