பென்சிலில் எழுதிய ஆறு நாள்

இந்த நாற்காலி கட்டை மாதிரி இருக்கிறது சார். குறையாகச் சொல்லவில்லை, விசாரணை அறையில் சோபாவா போடுவார்கள். அதனால்தான் நாற்காலியில் போட்டுக்கொள்கிற என் மெத்தையைக் கையோடு கொண்டுவந்தேன். இருபத்தாறு வருஷம் ஒரே மேசையில் உட்கார்ந்தவளுக்கு இடுப்பு என்று ஒன்று மிச்சம் இருக்குமா? ஒரு மூலையில் தையல் விட்டிருக்கிறது, மற்றபடி நல்ல வேலைப்பாடு. இதைத் தைத்தவரைப் பற்றித்தான் நீங்கள் என்னைக் கூப்பிட்டிருக்கிறீர்கள். டெய்லர் என்றுதான் எல்லாரும் சொல்வோம்.

வரிசையாகவே சொல்கிறேன். வரிசைதான் என் தொழில்.

எங்கள் ஆஸ்பத்திரியில் நிரந்தர ஆட்கள் போக, தேவைப்பட்டால் மட்டும் கூப்பிடுகிற தினக்கூலி ஆட்கள் முப்பது பேர் உண்டு. பெருக்க, துடைக்க, நோயாளியைத் திருப்பிப் படுக்கவைக்க. யாரை எந்த நாள் எந்த வார்டுக்குப் போடுவது என்று பட்டியல் போடுகிறவள் நான். போன் பண்ணுவேன்; வருகிறேன் என்றால் கட்டத்தில் பென்சிலால் பெயர் எழுதுவேன். வந்து கையெழுத்துப் போட்டதும் அதன்மேல் பேனாவை ஓட்டுவேன். இத்தனை வருஷத்தில் என் பட்டியலில் ஒரு கட்டம் காலியாகக் கிடந்ததில்லை. மேட்ரனைக் கேட்டுப்பாருங்கள்.

டெய்லரின் மனைவியும் அந்த முப்பது பேரில் ஒருத்தி. எக்ஸ்பிரஸ் என்று கூப்பிடுவோம். மூன்று பேர் வேலையை ஒருத்தியாக முடித்துவிட்டு, "வேற என்னக்கா?" என்று வந்து நிற்பாள்.

பிறகு அந்தக் காய்ச்சல் வந்தது. ஒருவர் தொட்ட பேனாவை இன்னொருவர் தொடக்கூடாது என்றார்கள். கையெழுத்து நின்றுபோனது. பட்டியல் பென்சிலோடு நின்றது.

அடுத்து ஒரு சுற்றறிக்கை. கணவனோ மனைவியோ நோய் தாங்காத உடம்போடு வீட்டில் இருந்தால், தினக்கூலி ஆட்கள் வேலைக்கு வராமல் கூடவே இருக்கலாம், பாதிச் சம்பளம் வீடு தேடி வரும். படித்தபோது எனக்கே கண் கலங்கியது. மறுநாளே எக்ஸ்பிரஸ் வந்து ஜன்னலுக்கு வெளியே நின்றாள்.

"அக்கா, இது எனக்குன்னே போட்ட மாதிரி இருக்கு."

"எல்லாரும் அதையேதான் சொல்றாங்க. டாக்டர் சான்று இருக்கா?"

"இருக்கு. மாத்தி வச்ச கிட்னி அக்கா. அது நிலைக்கணும்னு தினம் மாத்திரை. அந்த மாத்திரையாலயே உடம்புல எதிர்ப்புச் சக்தி இல்லாம போச்சு. இந்தக் காய்ச்சல் வந்தா தாங்க மாட்டார்னு எழுதியே குடுத்திருக்காங்க."

"ரெண்டு பேரும் ஒரே வீட்லதான் இருக்கீங்கன்னு சான்று?"

"பதினெட்டு வருஷமா அந்த மனுஷன் குறட்டையக் கேக்கறேன். வேணும்னா போன்ல போட்டுக் காட்டட்டுமா?"

சிரித்தேன். நான் சிடுமூஞ்சி இல்லை சார்.

"வீட்ல இருக்கப்போறேன்னதும் அவர் என்ன சொன்னார்?"

"நீ நாள் முழுக்கப் பேசினா அதுலயே எனக்குக் காய்ச்சல் வந்துடும்கிறார்."

இன்னும் ஒரு நிபந்தனைதான் பாக்கி. முந்தைய இரண்டு வாரத்தில் ஆறு நாளாவது பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். அவள் சரியாக ஆறு நாள் வந்திருந்தாள், துணி துவைக்கிற பிரிவுக்கு. பட்டியலின் நகலை இணைக்க வேண்டியது நான்.

அன்று மதியம் மேட்ரன் எட்டிப் பார்த்தாள். "அடுத்த ரெண்டு வாரம் காய்ச்சல் வார்டுக்கு ஆள் இருக்கில்ல?"

"இருக்கு" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. அதற்கு முன் பதினோரு பேருக்குப் போன் பண்ணியிருந்தேன். ஒருத்திக்குத் தலைசுற்றல், ஒருத்திக்குக் கல்யாண வீடு, மற்றவர்கள் போனையே எடுக்கவில்லை. ஆறு கட்டம் வெள்ளையாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

யோசித்துப் பாருங்கள். உதவி கிடைத்தால் எக்ஸ்பிரஸ் வீட்டோடு இருந்துவிடுவாள். கிடைக்காவிட்டால் வருவாள்; அவள் வந்தால்தான் அந்த வீட்டில் அடுப்பு எரியும். இதில் கோபமோ பொறாமையோ கிடையாது. ரப்பரை எடுத்து, பழைய பட்டியலில் இருந்த அவள் பெயரை அழித்தேன். ஒரு நாளை அழித்திருந்தாலே போதும். ஆனால் அரைகுறை வேலை எனக்குப் பிடிக்காது. ஆறையும் அழித்தேன்.

விண்ணப்பம் திரும்பி வந்தது. அவளும் வந்தாள்.

"நான் வந்தேனேக்கா. நீங்கதானே போன் பண்ணிக் கூப்பிட்டீங்க?"

"கூப்பிட்டேன்தான். ஆனா தாள்ல இல்லையேம்மா."

"தாள் பொய் சொல்லுதா, நான் பொய் சொல்றேனா?"

"யாரும் பொய் சொல்லல. இன்னும் ஆறே நாள் வா. பேர் ஏறிடும், நானே கையோட அனுப்பிவைக்கறேன். ஆனா இப்போ காய்ச்சல் வார்டுல மட்டும்தான் இடம் இருக்கு."

திரும்பி வந்த விண்ணப்பத்தை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். பிறகு, "வேற என்னக்கா பண்றது" என்றாள்.

வந்தாள். வீட்டில் இருந்தது ஒரே அறை. டெய்லர் வெட்டுத்துணிகளை ஒட்டுப்போட்டு, குறுக்கே ஒரு திரை தைத்துக் கட்டினாராம். அந்தப் பக்கம் அவரும் தையல் மிஷினும், இந்தப் பக்கம் அவள். மிஷின் சத்தம் கேட்கிறவரைக்கும் நிம்மதி என்று என்னிடம் சொன்னாள். நான்காவது நாள் வேலை முடித்துப் போனபோது மிஷின் சத்தம் கேட்கவில்லை.

காய்ச்சலோடு அவரை எங்கள் ஆஸ்பத்திரிக்கே கொண்டுவந்தார்கள். காய்ச்சல் வார்டுக்குள் சொந்தக்காரர்களை விடுவதில்லை, வேலையாட்கள் மட்டும் போகலாம். அதனால் ஐந்தாவது நாளையும் ஆறாவது நாளையும் அவர் படுத்திருந்த வரிசையிலேயே அவளுக்குப் போட்டுக் கொடுத்தேன். இதை யாரும் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். நல்லது செய்தால் எவன் சொல்கிறான்?

ஆறாவது நாள் மத்தியானம் அவர் போய்விட்டார். துணி மாற்றி, துடைத்து, படுக்கையைச் சுத்தம் பண்ணியது அவள்தான். அன்றோடு ஆறு நாளும் முடிந்தது. சொன்ன வாக்குப்படி நகலை இணைத்து அனுப்பினேன். "தகுதி உண்டு, கணவர் இல்லாததால் தேவை இல்லை" என்று எழுதித் திருப்பிவிட்டார்கள். என்னால் ஆனதைச் செய்தேன்.

அப்புறம் ஒருநாள் பழைய பட்டியலைப் பார்க்க வேண்டும் என்று வந்தாள். ஒளிக்க என்ன இருக்கிறது, கொடுத்தேன். தாளை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். நான் கொஞ்சம் அழுத்தி எழுதுகிறவள் சார். ரப்பர் கரியைத்தான் எடுக்கும், பள்ளத்தை எடுக்காது. ஆறு கட்டத்திலும் அவள் பெயர் தெரிந்தது. அவள் கத்தவில்லை. என் மெத்தையை மட்டும் ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, நேராக உங்களிடம் வந்துவிட்டாள்.

ஆமாம், அழித்தது நான்தான். எழுதிக்கொள்ளுங்கள். காய்ச்சல் வார்டில் அந்த இரண்டு வாரமும் ஒரு கட்டம் காலியாக இல்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

முடிந்ததா? இந்த மூலை பாருங்கள், பஞ்சு வெளியே வந்துவிட்டது. நாலு கடை ஏறி இறங்கிவிட்டேன், ஒருத்தருக்கும் அந்தக் கைப்பக்குவம் இல்லை. உங்களுக்குத் தெரிந்த நல்ல டெய்லர் யாராவது இருக்கிறார்களா சார்?