தோலுரிக்கும் மரநாய்

ஸ்ரீரங்கத்திலிருந்து திருச்சி சத்திரம் பஸ் நிலையம் போகும் பஸ்ஸில் என் முன் இருக்கையில் இரண்டு கல்லூரி மாணவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். காவிரிப் பாலத்தில் ஒருவன் கேட்டான்:

"ஏன்டா, மரநாய் வாழைப்பழத்தை உரிச்சா தின்னும்?"

"ஏன் கேக்கறே?"

"காலேஜுக்குள்ள என்னென்ன பிராணி இருக்குன்னு கணக்கெடுக்கச் சொன்னாரே விலங்கியல் சார், அவருகிட்ட ஹாஸ்டல் சமையல்கட்டுல மரநாய் வந்து வாழைப்பழம் தின்னுட்டுப் போகுதுன்னு எழுதிக் குடுத்துட்டேன்."

"பழத்தைத் தின்னது நாமதானேடா!"

"அதனாலதான். சார் வந்து தோலைப் பார்த்துட்டு குதிக்கிறாரு. இப்படி உரிச்சுத் தின்னுற மரநாயை உலகத்துல யாருமே பார்த்ததில்லையாம். நாளைக்கு ராத்திரி வார்டனோட வந்து காவல் இருக்கப் போறாராம்."

"மரநாய் வரலேன்னா வார்டன் நம்மளைத்தான் வெளியே தள்ளுவாரு."

சத்திரத்தில் இறங்க எழுந்தபோது இரண்டாமவன் சொன்னான்:

"இன்னிக்குத் தோலோட தின்னுடுவோம். சாதாரண மரநாய்தான்னு சார் விட்டுடுவாரு."

"துவர்க்குமேடா!"

"மரநாய்க்குத் துவர்க்காது."