மூன்று தரம் கேட்டாள்

மடிக்கணினி மெதுவாகிவிட்டது என்று புலம்புகிறவர்களில் பாதிப் பேர் அதை ஒருமுறைகூடத் திருப்பிப் பார்த்திருக்க மாட்டார்கள். அடிப்பக்கத்தில் சின்னச் சின்னக் காற்றுத் துளைகள் இருக்கும். அவை அடைத்துக்கொண்டால் உள்ளே சூடேறும், விசிறி அலறும், சூடு தாங்காமல் எந்திரம் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். பெரிய வித்தை ஒன்றுமில்லை. எனக்கு எப்படித் தெரியும் என்றுதானே கேட்கிறீர்கள், சொல்கிறேன்.

எங்களுடையது மெத்தை, தலையணை விற்கும் கடை. கடைக்குப் பின்னால் ஒரு திரை, அதற்கப்பால் அண்ணன் கிடந்த அறை. அவருக்கு நரம்பு நோய். முதலில் கால் போனது, பிறகு கை, அப்புறம் நாக்கு. மிச்சம் இருந்தது ஆள்காட்டி விரல் ஒன்று. வெளியூரில் இருக்கும் அவர் மகள் தன் பழைய மடிக்கணினியில் ஓர் ஏற்பாடு செய்து கொடுத்தாள். அண்ணன் விரலால் பொத்தானைத் தட்டி எழுத்துகளைத் தேர்ந்தெடுப்பார். முடித்ததும் எந்திரம் உரக்கப் படிக்கும். அது செய்தி வாசிக்கும் பெண்ணின் குரல். அத்தனை பெரிய மீசைக்குப் பின்னாலிருந்து அந்தக் குரல் வருவதைக் கேட்டு முதல் வாரம் நாங்கள் எல்லோருமே சிரித்தோம். அண்ணனுக்கும் கண் சிரித்தது.

அண்ணனின் நாக்குதான் கடைக்கு முதல். நான் பேச்சில் மந்தம். ஒரு வார்த்தையைத் தேடி எடுத்துத் தூசு தட்டி வெளியே வைப்பதற்குள் அண்ணன் அந்த வாடிக்கையாளரை அனுப்பிவிட்டு அடுத்தவரிடம் பேசிக்கொண்டிருப்பார்.

எங்கள் குடும்பத்தில் பேரம் முடிக்க ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் தன் பேச்சை வைப்பார். மற்றவரிடம் ‘சம்மதமா’ என்று மூன்று தரம் கேட்கப்படும். மூன்றாவது தரத்துக்கும் வாய் திறக்காவிட்டால் சம்மதம் என்று பொருள். பிறகு குட்டிக்கரணம் போட்டாலும் செல்லாது. கடையில் மட்டுமல்ல, வீட்டிலும் இதுதான் சட்டம். ஒருமுறை எனக்குப் பெண் பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில், “இந்த இடம் நமக்குச் சரிப்படாது தம்பி, சம்மதமா?” என்றார் அண்ணன். அந்தப் பெண் சிரித்த விதத்தைச் சொல்ல நான் வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன். வண்டி வீட்டு வாசலில் நிற்பதற்குள் மூன்று தரம் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு நான் யாரையும் கட்டிக்கொள்ளவில்லை. இதை மனத்தாங்கலாகச் சொல்லவில்லை. வழக்கம் எப்படி என்று உங்களுக்கு விளங்க வேண்டுமே.

பஞ்சு பறக்கும் இடத்தில் எந்த எந்திரம்தான் நீடிக்கும். சில வருடங்களில் மடிக்கணினி மாவு மில் மாதிரி இரையத் தொடங்கியது. அண்ணன் தட்டிய எழுத்து திரையில் விழவே நேரமாகும். எதிரில் இருப்பவர்கள் சங்கடமாக என்னைப் பார்ப்பார்கள். “அண்ணன் என்ன சொல்றார்னா...” என்று நான் தொடங்கிவைப்பேன். அந்த மாதங்களில்தான் நான் பேசப் பழகினேன். என் வாக்கியங்களுக்கு முடிவு என்று ஒன்று இருப்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

ஆனாலும் ரிப்பேர்காரரிடம் கொண்டுபோனேன். அது என் கடமை. அவர் அடிமூடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

“என்ன சார், மிஷினைக் குடுக்கச் சொன்னா மெத்தையைக் குடுத்திருக்கீங்க?”

“ரொம்ப மோசமா?”

“உள்ள இருக்கறதை எடுத்து ஒரு தலகாணி தைச்சு வித்துடலாம். அதுவும் போக, ரெண்டு வைரஸ் தடுப்பான் ஓடுது. ஒரே அடுப்படியில ரெண்டு மாமியார். ஒண்ணும் வேலை நடக்காது.”

ஒரு மாமியாரை அனுப்பினார். விசிறியை ஊதித் துடைத்தார், சூட்டை வெளியே கடத்தும் பசை காய்ந்துபோயிருந்ததைச் சுரண்டிப் புதிதாகத் தடவினார். “இனிமே பறக்கும் சார்,” என்றார்.

பறந்தது. அந்த வாரமே ஒரு விடுதிக்காரர் அறைகளுக்கு மெத்தை எடுக்க வந்தார். நான் அழகாகப் பேசிக்கொண்டிருந்தேன், கிட்டத்தட்ட முடித்தே விட்டேன். அப்போது திரைக்குப் பின்னாலிருந்து செய்தி வாசிப்பவள் சொன்னாள்: “தம்பி உளர்றான். அது ஒரே வருஷத்துல அமுங்கிடும். வேற காட்டச் சொல்லுங்க.”

விடுதிக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “உள்ள யாரு, வீட்டம்மாவா? நல்லா காதைத் திருகுறாங்களே.”

நானும் சிரித்தேன். கடை காலியானதும் தூசு தட்டுகிறேன் என்று மடிக்கணினியைக் கவிழ்த்து, காற்றுத் துளையில் ஒரு சிட்டிகை பஞ்சு வைத்தேன். அண்ணனுக்கும் ஓய்வு வேண்டாமா என்பதுதான் என் எண்ணம். மறுநாள் இன்னும் கொஞ்சம். வெளியே அனுப்பிய மாமியாரையும் திரும்ப அழைத்துக்கொண்டேன்.

இரைச்சல் பழையபடி வந்தது. நெடுநேரம் தட்டி, “சூடா இருக்கு, கொண்டுபோய்க் காட்டு” என்று அண்ணன் எந்திரத்தைச் சொல்லவைத்தார்.

“காட்டிட்டேன் அண்ணே. வயசாயிடுச்சாம். அவ்வளவுதான்னு சொல்லிட்டார்.”

அவர் என்னைப் பார்த்தார். நான் போர்வையைச் சரிசெய்தேன்.

பிறகு ஒரு மதியம் பாப்பா வந்தாள். அண்ணன் மகளை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். அவளுக்கே தலை நரைக்கத் தொடங்கிவிட்டது. கட்டிலோரம் உட்கார்ந்து அப்பாவின் நகத்தை வெட்டிக்கொண்டே சொன்னாள்:

“சித்தப்பா, அப்பாவை நான் கூட்டிட்டுப் போறேன். அங்க புதுசா ஒரு மிஷின் இருக்கு. கண்ணை அசைச்சாலே பேசும்.”

கண் அசைவில் பேசும் எந்திரம். மெத்தைக்கடை வாசலில் தனியாக உட்கார்ந்திருக்கும் என்னையும், ஏதோ ஓர் ஊரில் தங்குதடையில்லாமல் பேசிக்கொண்டிருக்கும் அண்ணனையும் ஒருசேர நினைத்துப் பார்த்தேன். யார் முதலில் பேச்சை வைக்கிறார்களோ அவர்கள் பக்கம்தான் வழக்கம் நிற்கும். அதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவரே அண்ணன்தான். பாப்பா சம்மதம் கேட்பதற்குள் நான் முதலில் வைத்தேன்.

“அப்பா இங்கேயே இருக்கட்டும் பாப்பா. இந்த வீட்டை விட்டா அவருக்கு உசிரு தங்காது. வேணும்னா நீயே கேளு.”

அவள் பாதி விளையாட்டாகத்தான் தொடங்கினாள். “சித்தப்பா சொல்றது சம்மதமாப்பா?”

விரல் அசைந்தது. விசிறி அலறியது. கணினித் திரை அப்படியே உறைந்து நின்றது.

“சம்மதமாப்பா?” இப்போது குரலில் விளையாட்டு இல்லை. “வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லுங்க. நான் இருக்கேன்ல.”

காத்திருந்தாள். உண்மையைச் சொல்ல வேண்டும், நன்றாகவே காத்திருந்தாள். மூன்றாவது தரம் கேட்கும்போது அவள் அப்பாவின் முகத்தைப் பார்க்கவில்லை, கையில் இருந்த நகவெட்டியைப் பார்த்துக் கேட்டாள். பிறகு அவர் நெற்றியில் கை வைத்துவிட்டுப் பையை எடுத்துக்கொண்டாள்.

“என்னைவிட உங்களுக்கு இந்தக் கடை பெருசு. சின்ன வயசுலேர்ந்து தெரிஞ்சதுதானே,” என்றாள்.

வண்டி கிளம்பும் சத்தம் கேட்ட பிறகு எந்திரம் வாய் திறந்தது. “சம்மதமில்லை. கூட்டிட்டுப் போ பாப்பா. சம்மதமில்லை.”

வண்டி தெருமுனையில் திரும்புவதற்காக நின்றுகொண்டிருந்தது. வாசலில் நின்று கூப்பிட்டிருந்தால் கேட்டிருக்கும். ஆனால் மூன்று தரம் முடிந்துவிட்டது, வழக்கம் என்று ஒன்று இருக்கிறது. நான் அண்ணனுக்குத் தண்ணீர் புகட்டினேன். அவர் குடிக்கவில்லை. கடைவாயில் வழிந்ததைத் துடைத்துவிட்டேன்.

அதன் பிறகு துளைகளை முழுவதுமாகவே அடைத்துவிட்டேன். எந்திரம் சூட்டில் தானாக அணைந்துபோகும். அணைந்து அணைந்து எழுந்தால் கெட்டுவிடும் என்பதால் எடுத்து அலமாரிமேல் வைத்தேன். பாப்பா தொலைபேசியில் கேட்கும்போது, அப்பாவுக்கு அசதி, பேசப் பிரியப்படவில்லை என்றேன். அவளும் கோபத்தில் இருந்தாள், அதிகம் கேட்கவில்லை. கடையில் நான் நன்றாகப் பேசினேன். வியாபாரம் குறையவில்லை.

அண்ணனின் விரல் மட்டும் ஓயாமல் போர்வைமேல் தட்டிக்கொண்டிருந்தது. பழக்கம் லேசில் விடாதல்லவா. கண்ணைப் பார்த்தாலே ஏதாவது புரிந்திருக்குமே என்பீர்கள். புரிந்திருக்கலாம். நான் அந்தப் பக்கம் பார்ப்பதை விட்டிருந்தேன்.

மருத்துவர் வருவதற்குள் அண்ணன் போய்விட்டார். நெஞ்சில் சளி கட்டிப் பல நாள் ஆகியிருக்கிறது, ஒவ்வொரு மூச்சுக்கும் வலித்திருக்கும் என்றார். “ஆரம்பத்துலயே தெரிஞ்சிருந்தா காப்பாத்தியிருக்கலாம். அவர் ஒண்ணுமே சொல்லலையா?”

இதே கேள்வியைப் பாப்பாவும் கேட்டாள், அப்பாவின் விரல்களைப் பிடித்துக்கொண்டு. நீங்களும் கேட்கிறீர்கள். பஞ்சு வைத்தது நான்தான், அதை மறைக்கவில்லை, எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் இதையும் சேர்த்து எழுதுங்கள். தூக்கிக் குளிப்பாட்டியது, புரட்டிப் படுக்கவைத்தது, ஊட்டியது எல்லாம் நான். என் கவனிப்பில் இருந்த அந்தக் கடைசி மாதங்களில் அண்ணன் ஒருநாளும், ஒரு வார்த்தைகூட, குறை சொன்னதில்லை.